தட்டச்சுப் பொறியும் தன்னம்பிக்கையும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

தன்னம்பிக்கை பற்றி எழுதுவோர் ஆபிரகாம் லிங்கனில் தொடங்குவது ஆண்டு மலர்களின் மரபு. லிங்கன் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆயினும் இக்கட்டுரையை எழுத எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். நம் வகுப்பில் என்னைப் போல் அஞ்சியவர் வேறு எவரும் இலர். வருகைப் பதிவின்போது நான் சொல்லும் 'உள்ளேன் ஐயா' முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. வந்திருந்தும் வராதவளாக எத்தனை நாள் பதிவானேனோ, அது பேராசிரியரின் பதிவேட்டுக்கே வெளிச்சம்.

முதலாம் ஆண்டில் ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. பேச வந்த பெரியவர், நாள்தோறும் காலையில் கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று பத்து முறை சொல்லச் சொன்னார். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. நானும் சொல்லத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அகலம்தான். அது மறுப்பேதும் சொல்லவில்லை.

அப்போது நான் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொண்டிருந்தேன். தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வெழுதித் தட்டச்சர் பணிக்குச் செல்ல வேண்டுமானால் தட்டச்சில் தேர்ச்சி வேண்டும் என்று எங்கள் தெரு அக்கா ஒருவர் சொல்ல, அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். தேநீர்க் கடையில் வேலை பார்க்கும் அவர் மாதக் கட்டணத்தைச் சில்லறையாகவே எண்ணித் தருவார்.

ஆகஸ்டில் இளநிலைத் தேர்வு வந்தது. நிமிடத்திற்கு 30 சொற்கள் என்ற வேகத்தில் 10 நிமிடம் அடிக்க வேண்டும். தொடங்கச் சொன்னதும் அறை முழுவதும் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போன்ற ஓசை. 'என்னால் முடியும்' என்று மனத்திற்குள் சொல்லிக்கொண்டேன். விரல்களுக்கு அது கேட்கவில்லை போலும். பக்கத்துப் பொறியில் வரி முடியும் தறுவாயில் மணி ஒலிக்கும்போதெல்லாம் என் கை நின்றது. பாதித் தாளில் நேரம் முடிந்தது. தேர்ச்சி பெறவில்லை.

அப்பா திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "அடுத்த பரீட்சை எப்பம்மா?" என்று மட்டும் கேட்டார்.

பயிலகத்து மாஸ்டர் எழுபது வயதைக் கடந்தவர். மறுநாள் என்னை அழைத்து, "பாப்பா, நீ எதுல தப்புப் பண்றேன்னு தெரியுமா?" என்றார்.

"எல்லாத்துலயும்தான் மாஸ்டர்."

"எல்லாத்துலயும்னு சொன்னா ஒண்ணும் தெரியலைன்னு அர்த்தம். ஒரு நோட்டுப் போடு."

அந்த நோட்டில் அன்றன்றைய தவறுகளை எழுத வேண்டும். எந்த எழுத்து, எந்த விரல், வரியின் தொடக்கமா முடிவா என்பதெல்லாம் இருக்க வேண்டும். முதல் வாரம் அழுகை வந்தது. பக்கம் பக்கமாக என் குறைகளை என் கையாலேயே எழுதுவது கொடுமை அல்லவா? மூன்றாம் வாரம் கூட்டிப் பார்த்தபோது வியப்பு வந்தது. நான் எல்லாவற்றிலும் தவறு செய்பவள் அல்லள்! என் தவறுகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, இடக்கைச் சுண்டுவிரல் வலுவின்றி விழுவதால் 'ய' மங்கிப் போவது. மற்றொன்று புள்ளி.

தட்டச்சு அறியாத நண்பர்களுக்காக ஒரு சொல். கையால் எழுதும்போது எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். பொறியிலோ புள்ளியை முதலில் அடித்து, எழுத்தைப் பின்னால் அடிக்க வேண்டும். புள்ளிக்கு உரியது நகரா விசை. அதை அடித்தால் வண்டி அசையாது, அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் விழும். அவசரத்தில் எழுத்தை முந்தி அடித்துவிட்டால் வண்டி நகர்ந்துவிடும். புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் அமரும். நான் பதறும்போதெல்லாம் இதுவே நடந்திருக்கிறது. 247 எழுத்துக்களையும் ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்க இத்தகைய வழி கண்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து எழுத்தராகப் பணிபுரிந்த இரா. முத்தையா என்று பின்னர் படித்தேன். அவரும் ஒரு அலுவலகத்து மேசையில் அமர்ந்து வேலை பார்த்தவர்தான் என்பதில் எனக்கு ஏனோ தனி மகிழ்ச்சி.

அதன்பின் கண்ணாடியை விட்டேன். காலையில் 'யளனகபக' பாடத்தை மட்டும் சுண்டுவிரலுக்காகவே இருபது வரி அடித்தேன். பிப்ரவரியில் தேர்ச்சி பெற்றேன். அதைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை; அன்றும் பக்கத்துப் பொறியில் மணி ஒலித்தது, என் கை நிற்கவில்லை.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு எதிரே மனு அடித்துத் தரும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கணினிதான், ஆயினும் பழைய தட்டச்சு முறை விசைப்பலகையையே வைத்திருந்ததால் விரல்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். விடியற்காலையிலேயே கூட்டம் கூடிவிடும். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், குடிநீர், பாதை என்று ஒவ்வொருவரும் ஒரு வாழ்க்கையைச் சொல்வர். நாம் அதை ஒரு பக்கத்தில் அடக்க வேண்டும்.

ஒரு திங்களன்று ஒரு பாட்டி வந்தார். கணவர் இறந்தபின் நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றக் கோரும் மனு. அடித்துக் கொடுத்தேன், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மாலையில் வழக்கம்போல் என் தவறுகளை நோட்டில் எழுத, அன்றைய மனுக்களைக் கைக்குறிப்போடு ஒப்பிட்டேன். சர்வே எண் 124/3 என்பதை 142/3 என்று அடித்திருந்தேன்.

இரவெல்லாம் உறக்கம் இல்லை. காலையில் கடைக்கார அண்ணனிடம் சொன்னேன்.

"விடும்மா, யாருக்குத் தெரியப் போகுது? தப்புன்னா அவங்களே கூப்பிட்டுக் கேப்பாங்க" என்றார். அவர் கெட்டவர் அல்லர். நாளொன்றுக்கு அறுபது மனு பார்ப்பவர்.

"கேக்கறதுக்கு நாளாகும்ணே. அதுவரைக்கும் அந்தப் பாட்டி நடக்கணும்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஐயமாக இருந்தது. புதிய மனுவை அடித்து எடுத்துக்கொண்டு அன்று பிற்பகலே பேருந்தேறிப் பாட்டியின் ஊருக்குப் போனேன். களத்து மேட்டில் புளி தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "இதுக்கா தாயி இந்த வெயில்ல வந்தே?" என்று மோர் கொடுத்தார். வேலை தெரியாத பெண் என்று கடிந்துகொள்வார் என எண்ணியே போயிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. மனுவைப் பார்த்த அலுவலர், "போன வாரமே கொடுத்திருக்கீங்களே, இது என்ன மறுபடியும்?" என்றார். பாட்டி என் முகத்தைப் பார்த்தார்.

"போன வாரம் சர்வே எண்ணைத் தப்பா அடிச்சது நான்தான் ஐயா. 142/3 இல்லை, 124/3. அதைத் தள்ளிட்டு இதை எடுத்துக்கணும்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தனர்.

"ஏம்மா கத்துறே? நல்லாவே கேக்குது" என்று சொல்லிக்கொண்டே அலுவலர் முத்திரையை எடுத்தார்.