எட்டா, பத்தா?

ஜெய்ப்பூருக்கு மாற்றலாகி வந்த வருஷம் அது. ஊரிலிருந்து வந்த அப்பாவைப் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போக பைனாகுலர் வாங்கக் கிளம்பினோம். லென்ஸ் 42 மி.மீ.தான், எட்டு மடங்கா, பத்து மடங்கா? தங்கமணி கட்சி: "பெரிய நம்பரே வாங்குங்க."

வங்கிக்காரன் புத்தி, வகுத்துப் பார்த்தேன். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ., 10-ஆல் என்றால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு அது. மடங்கு கூடினால் வெளிச்சம் குறையும், பார்க்கும் பரப்பு சுருங்கும், கைநடுக்கமும் அதே மடங்கு பெருகும். துப்பாக்கி ஸ்கோப்புக்கும் இதே கதைதான்.

கடையில் பத்தைக் கொடுத்தேன். "எல்லாம் ஆடுதுல்லா" என்றார் அப்பா. எட்டையே வாங்கினோம்.

பரத்பூரில் பழைய வேட்டைக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12, ஒரே நாளில் 4,273 பறவைகள். வாசித்துச் சொன்னேன். "இதுக்குக் கணக்கு வேறயா!" என்றார்.

அப்புறம் மரத்தைப் பார்த்தவர், "ஏல, நம்ம கூந்தன்குளத்து நாரைல்லா!" என்றார். கால்மணி நேரம் பைனாகுலரை இறக்கவேயில்லை.

அடுத்த வருஷம் அப்பா இல்லை.

இப்போ பையன் பத்து மடங்கு கேட்கிறான். வாங்கித் தரலாம், அவன் கை நடுங்காது. அப்பா முடிச்சுப் போட்ட வாரோடு அந்த எட்டு மட்டும் என்கிட்டேயே இருக்கட்டும்.