கால் மேட்டில் ஈரம்

சாட்சியும் எதிரியும் ஒரே பஸ்ஸில்தான் கடலூர் கோர்ட்டுக்குப் போகணும். சிதம்பரத்தில் ஏறினால் இறங்கும்வரை முறைப்பார்கள். பிறழ்சாட்சிகள் பாதி அந்த பஸ்ஸிலேயே உருவாகிறார்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 11ஆவது, சாட்சிக்கு பஸ், டாக்சிச் செலவு தரச் சொல்கிறது. மனு கொடுத்த ரசீதுகள் என் பையில் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே கடன் வாங்கி ஒரு பழைய மாருதி 800 வாங்கினோம்.

ஐப்பசி மழை. விடியக் கருக்கலில் புதுச்சத்திரம் தாண்டியதும் ஹெட்லைட்டும் வைப்பரும் ஒன்றாய்ச் செத்தன. காலடி மேட் சொதசொத. உள்ளே முதல் சாட்சி ஆயா. "பஸ்ஸு வந்தா பாத்துடுவானுங்க. உருட்டிகிட்டே போடா" என்றது. போனோம். வாய்தா தள்ளிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நம்ம காலனி ஒயரிங் அண்ணன் பியூஸ் பெட்டியைக் கழற்றினார். எல்லாம் பச்சைக் களிம்பு. எரிந்த பியூஸுக்குப் பதில் யாரோ செம்புக்கம்பி சுற்றியிருந்தான்.

"பியூஸு போனா காரணத்தத் தேடணும். கம்பி சுத்துனா ஒயரே எரியும்ல."

அவர் டார்ச்சோடு உள்ளே. நான் மக்கில் தண்ணீர், கீழிருந்து மேலாக. சொட்டியது பெட்டிமேல். ஓட்டையோ முன்கண்ணாடி மேல்மூலையில், காய்ந்து வெடித்த ரப்பர் பீடிங்கில். தூண் உள்ளால் இறங்கியிருக்கிறது. பீடிங் மாற்றினோம். எர்த் ஒயர் முனையை உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து கிரீஸ் பூசினார். கூலி வாங்கவில்லை.

கார்த்திகையில் அடுத்த வாய்தா. அன்றும் மழை. ஆயா முன்சீட்டில் ஏறியதும் குனிந்து மேட்டைத் தடவிப் பார்த்தது.

"காஞ்சிதான்டா கெடக்கு. எடு வண்டிய."