தூத்துக்குடி எதுவரைக்கும்?

எங்க முத்தையாபுரத்துல பஸ் ஏறுறவங்க இன்னிக்கும் "தூத்துக்குடிக்குப் போயிட்டு வாரேன்"னுதான் சொல்லுவாங்க. வெளியூர்க்காரங்க கேட்டா சிரிப்பாங்க. முத்தையாபுரமே தூத்துக்குடி மாநகராட்சிதானே அண்ணாச்சி!

கதை இதுதான். 1866ல நகராட்சி ஆன ஊர். 1986 அக்டோபர் 20ல திருநெல்வேலியில இருந்து பிரிஞ்சு சிதம்பரனார் மாவட்டம் ஆச்சு. 1997ல மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பேரை எல்லாம் எடுத்தப்போ தூத்துக்குடி மாவட்டம்னு மாறுச்சு. 2008 ஆகஸ்ட் 5ல மாநகராட்சி. அப்புறம் மீளவிட்டான், சங்கரப்பேரி, தூத்துக்குடி ரூரல், முத்தையாபுரம், அத்திமரப்பட்டின்னு அஞ்சு ஊராட்சிகளைச் சேர்த்தாங்க. சுமார் 13 சதுர கிலோமீட்டரா இருந்த ஊர் 90ஐத் தொட்டுருச்சு. இப்போ 60 வார்டு.

ஆனா எங்களுக்கு டவுன்னா பழைய பஸ் ஸ்டாண்டு, டபிள்யூஜிசி ரோடு, பனிமய மாதா கோயில், பழைய ஹார்பர், தெரேஸ்புரம். அவ்வளவுதான். அது கடலைப் பார்த்து வளர்ந்த ஊர். கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. 1974ல புதுத் துறைமுகம் தெக்க வந்ததும் ஊரோட கனமும் தெக்க சாஞ்சிருச்சு. கலெக்டர் ஆபீஸ் வேற டவுனைத் தாண்டி கோரம்பள்ளத்துல. மைல் கணக்கு போய் எத்தனையோ வருஷமாச்சு, ஸ்டாப்புக்கு மட்டும் இன்னும் மூணாவது மைல்னுதான் பேரு :)

சேர்த்த ஊர்கள்ல அத்திமரப்பட்டியைப் பார்த்தீங்கன்னா ஆச்சரியமா இருக்கும். மாநகராட்சிக்குள்ள வாழைத் தோட்டம்! ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல பிரியிற தாமிரபரணித் தண்ணி, வடகால் வழியா வந்து கடைசியா சேருற இடம் கோரம்பள்ளம் குளம். அந்தப் பாசனம்தான் இந்த வாழைக்கு. குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி உப்பாத்து ஓடையில கடலுக்குப் போகணும்.

எல்லையை இழுத்தவங்க தெருவையும் வீட்டையும் எண்ணினாங்க. இந்தத் தண்ணி வழியை எண்ணின மாதிரி தெரியலை. 2023 டிசம்பர் 17, 18ல கொட்டின மழை ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு அத்திமரப்பட்டி, காலாங்கரை பக்கமெல்லாம் வெள்ளம். காலாங்கரை மாநகராட்சியா ஊராட்சியான்னு தண்ணி கேக்கவா போகுது? டவுனை ஒட்டின புது நகர்கள், காலனிகள்லயும் நாள் கணக்குல தண்ணி வடியலை. அதுல பல இடம், பெரியவங்க "அது தண்ணி நிக்கிற பூமில"ன்னு சொல்லிட்டே இருந்த இடம்தான்.

பிளாட் விக்கிறவங்க "மாநகராட்சி எல்லைக்குட்பட்டது"ன்னு போர்டு வைக்கிறாங்க. தப்பில்லை, ரோடு வரும், லைட்டு வரும், வரியும் வரும். மழைத்தண்ணி எங்கிட்டு வரும், எங்கிட்டுப் போகும்னு மட்டும் எந்தப் போர்டுலயும் நான் பார்த்ததில்லை.

எங்க தெருவுல இப்போ வீடு கட்டுறவங்க, ரோட்டை விட மூணு அடி தூக்கித்தான் அஸ்திவாரம் போடுறாங்க. ரோடும் ஒவ்வொரு தடவை தார் போடும்போது கொஞ்சம் உயருது. பழைய வீட்டுக்காரங்க வாசல்ல மணல் மூட்டை அடுக்கி வச்சிருக்காங்க.