வாடைக்காற்றும் ஆட்டுக் கொட்டிலும்

2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் வீசிய நாள்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிர் தாங்காமல் இறந்தன. சோனகத் தெருவில் எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டியும் அந்நாள்களில்தான் இறந்தது.

குளிருமே என்று கொட்டிலை நாற்புறமும் பொலித்தீனால் இறுக மூடியவள் நான். உள்ளே நிலமும் ஈரம், குட்டியின் மயிரும் ஈரம். சுபஹுக்கு எழுந்த உம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பின்னர் கால்நடை வைத்தியர் விளங்கப்படுத்தினார்: நனைந்த மயிர் உடற்சூட்டைக் காக்காது. காற்றோட்டமில்லாத கொட்டிலில் மூச்சின் ஈரமும் மூத்திர நெடியும் தங்கி நுரையீரலைக் கெடுக்கும். ஈரமில்லாமல் வைத்திருப்பதே முதல் வேலை.

இப்போது மாரி தொடங்குமுன்பே வாப்பா நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பலகைப் பரண் அடித்துவிடுவார். வாடைக்காற்று வரும் பக்கத்தைக் கிடுகால் அடைத்து, கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விடுவோம். காய்ந்த வைக்கோல் பரப்புவது என் பொறுப்பு. இரவில் தின்னவும் வைக்கோல் வைப்பேன். அது வயிற்றில் நொதிக்கும்போது ஆட்டுக்கு உள்ளிருந்தே சூடு கிடைக்கும்.

அன்றும் எனக்கு இரக்கம் இருந்தது. பொலித்தீனைக் கையில் எடுக்குமுன் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.