ஓட்டம் கம்மி

கள்ளக்குறிச்சியில் பழைய வண்டி பார்க்கப் போனால் சாவிக்கு முன்னால் கதை வரும். டீச்சர் ஓட்டின ஸ்கூட்டி. வெளிநாடு போனவர் வீட்டிலேயே நிறுத்திவைத்த புல்லட். டிராக்டர் என்றால், "சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டினதுங்க, ஓட்டம் ரொம்பக் கம்மி." கரும்பு லோடு இழுத்த டிராக்டர் என்று சொல்லி விற்றவரை இதுவரை நான் பார்த்ததில்லை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. பருவம் முழுக்க அங்கே வரிசையில் நிற்கும் டிராக்டர்களெல்லாம் எந்த ஊரில் விலைபோகின்றனவோ.

*

டிராக்டருக்கு ஓட்டத்தை மணியில்தான் கணக்கு வைப்பார்கள். பழைய மாடல்களில் மணி மீட்டர் எஞ்சினிலிருந்து வரும் கேபிளில் சுற்றும். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் மீட்டரின் ஒரு மணியும் கடிகாரத்தின் ஒரு மணியும் சமம். ஐடிலில் ஓடினால் மீட்டர் பின்தங்கும். கேபிளைக் கழற்றிவிட்டால் மீட்டர் நின்றே போகும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே மீட்டரைப் பார்த்துவிட்டு உடனே கிளட்ச் பெடலைப் பார்க்க வேண்டும். பெடலின் வரி தேய்ந்து வழவழவென்று இருக்கிறதா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. 2021 மாடல் வண்டி, மீட்டரில் 900 மணி, காலில் 2024 டயர். முதல் டயர்கள் எங்கே தேய்ந்தன என்று கேட்டால் கடைக்காரர் டீ சொல்லப் போய்விடுவார்.

*

மீட்டரில் யாரும் கை வைக்காவிட்டாலும் ஏமாறலாம். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு மூட்டையோடு ஏறி இறங்கிய பைக்கின் 20,000 கிலோமீட்டரும், சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஓடிய 20,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல. ஏற்றம் கிளட்சைத் தின்கிறது, இறக்கம் பிரேக்கைத் தின்கிறது. "மீட்டர் ஒரிஜினல்ணே" என்று கடைக்காரர் சொல்வது சத்தியம்தான். வண்டி மலையில் ஓடியதா என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் கொண்டுவந்து விட்டவரைக் கேட்கவில்லை.

இந்தத் தொழிலில் பச்சைப் பொய் குறைவு என்றே நினைக்கிறேன். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டிவரும், அதனால் கேட்பதில்லை.

*

ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் அமெரிக்கப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். அவர் வாதம் இது: வாங்குபவருக்கு நல்லது கெட்டது தெரியாததால் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகள் மட்டுமே மிஞ்சும். நம் ஊரில் நல்ல டிராக்டர், கன்சல்டிங் என்கிற பழைய வண்டிக் கடையின் வாசலுக்கே வருவதில்லை. அதற்குள் பங்காளியோ மச்சானோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

*

"நீங்க வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி ரெடியா வைக்கிறேண்ணே." வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, என்ன புகை விடுகிறது என்பதைப் பார்க்கத்தானே போகிறோம். கெட்டி ஆயில் ஊற்றிப் புகையைக் கொஞ்சநாள் அடக்கிவைக்கவும் வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்க்க விடுகிறாரா என்பதும் முக்கியம்.

சின்னசேலம் பக்கம் ஒருவர், "கிளட்ச் போயிடுச்சுண்ணே, விலையில கழிச்சிருக்கேன். கியர்பாக்ஸ் எனக்குத் தெரியாது. உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பாத்துக்குங்க" என்றார். தெரியாது என்று சொன்ன கடைக்காரர் அவர் ஒருவர்தான். அவரிடம் எனக்கேற்ற வண்டி இல்லாமல் போனது வேறு விஷயம்.

*

காகிதம். உண்மையான சோதனை இங்கேதான், ஆனால் வாங்குபவர்கள் சோம்பல்படுவதும் இங்கேதான். முதல் உரிமையாளர் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 29, 30 என்ற பெயர் மாற்றப் படிவங்கள் கைமாறிக்கொண்டே போகும், ஆர்.சி.யில் அவர் பெயரே இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்துக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2022 டிசம்பரில் மத்திய விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும் என்றார்கள். வண்டி அவர் கைக்கு வந்ததும் 29சி படிவத்தில் தெரிவித்துவிட்டால், மறு விற்பனை வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். "29சி போட்டாச்சாண்ணே?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். முழிப்பிலேயே தெரிந்துவிடும்.

கடன் கட்டாமல் பறிமுதலான சீஸிங் வண்டியென்றால் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்கிற கடன் பதிவு ரத்தாகியிருக்க வேண்டும், அதற்கு 35ஆம் படிவம். விழுப்புரத்தின் டிஎன் 32 எண் இருந்தால் மிரள வேண்டாம். விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்ததே 2019 நவம்பரில்தான். ஆத்தூரின் டிஎன் 77 என்றால் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்து ஏற்றங்களில் ஓடியதாக இருக்கலாம், கிளட்சை இன்னொருமுறை பாருங்கள்.

*

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொதுவாக, பார்த்து வாங்குவது வாங்குபவர் பாடு என்கிறது. 16ஆவது பிரிவில் ஒரு விலக்கு: இன்ன வேலைக்கு என்று சொல்லி, வியாபாரியின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சொன்னதை நிரூபிக்க எழுத்து வேண்டுமே. ஒரு கடையில், "கரும்பு டிரெய்லர் இழுப்பதற்காக" என்று ரசீதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கடைக்காரர் பேனாவை மூடிவிட்டார். "எழுத்தெல்லாம் வேணாம்ணே. வேணும்னா ஐயாயிரம் கம்மி பண்ணிக்கிறேன்."