தீபாவளிப் படத்துக்கு டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி

 

தீபாவளி நெருங்குது. கோயில் வாட்ஸ்அப் குழுவுல பூஜை நேரம் கேட்டு வர்ற கேள்விய விட, "இந்தப் படத்துக்குப் பிள்ளைங்களோட போலாமா?"ன்னு வர்ற கேள்விதான் இப்போ அதிகம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போடாம, தொண்டர்கள் நாங்க உட்கார்ந்து பேசி ஒரே பதிவா எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான். சாவகாசமா படிங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறோம். நாங்க சினிமாவுக்கு எதிரி இல்ல. எப்படி இருக்க முடியும்? எங்கள்ல பாதிப் பேர் தோட்டத்துல பிறந்தவங்க. மாரியம்மன் திருவிழா முடியுற ராத்திரி, திடல்ல ரெண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவாங்க. 'திருவிளையாடல்', 'சரஸ்வதி சபதம்', 'கந்தன் கருணை' எல்லாம் அப்படிப் பார்த்ததுதான். ஏ.பி. நாகராஜன் 1965ல இருந்து 1967க்குள்ள எடுத்த படங்கள். எங்க தோட்டத்துக்கு வந்து சேர்றப்போ சுருள் தேய்ஞ்சு, திரை முழுக்க மழை பெய்யும். முன்னாடி இடம் கிடைக்கலன்னா துணிக்குப் பின்னாடி பாய் போட்டுக்குவோம். அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா சிவபெருமானே இடது கையால ஆசீர்வாதம் பண்ணுவார். அதுக்கும் கும்பிடு போட்ட பாட்டிங்க உண்டு.

அந்தப் பாட்டிங்களைப் பத்திதான் சொல்லணும். "நக்கீரரை ஏன் எரிச்சாரு?"ன்னு பேரன் கேட்டா, படம் ஓட ஓடவே பதில் வரும். பக்கத்துப் பாயில இருக்கிற தாத்தா அதை மறுத்துப் பேசுவார். மறுநாள் விடியக்காலம் பெரட்டுக் களத்துலயும் அதே பேச்சு. ஒரே படத்தை லயத்துல இருக்கிற அத்தனை குடும்பமும் ஒண்ணா பார்த்து, ஒரு வாரம் ஒண்ணா பேசித் தீர்த்தாங்க. குடும்பப் படம்னா அப்போ எங்களுக்கு அதுதான்.

அப்புறம் தோட்டங்களைத் துண்டாடினாங்க. ரப்பர் போய் செம்பனை வந்துச்சு, செம்பனையும் போய் தாமான் வந்துச்சு. நாங்க புந்தோங், சுங்கை சிப்புட், கோப்பேங்னு ஆளுக்கொரு பக்கம் குடி வந்தோம். படம் பார்க்க ஈப்போ டவுனுக்குப் போனோம், கையில புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலத்தோட. இப்போ அதுவும் இல்ல. அப்பா ஹாலில் ஒரு படம், அம்மா அறையில ஒரு தொடர், பிள்ளை போர்வைக்குள்ள போன்ல என்ன பார்க்குதுன்னு முருகனுக்குத்தான் வெளிச்சம்.

சரி, டிக்கெட் விஷயத்துக்கு வர்றோம். உள்துறை அமைச்சின் கீழ் இருக்கிற திரைப்படத் தணிக்கை வாரியம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வகை போடுது. 'யூ'ன்னா எல்லாரும் பார்க்கலாம். 'பி12'ன்னா 12 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குப் பெற்றோர் வழிகாட்டல் வேணும். 13, 16, 18ன்னு வெறும் எண் இருந்தா, அந்த வயசும் அதுக்கு மேலயும். முன்னாடி இருந்த 'பி13' இப்போ இல்ல, பழைய கணக்குல போயிடாதீங்க. டிக்கெட் எடுக்கிற ஆப்ல படத்தோட பேருக்குப் பக்கத்துலயே இருக்கும். மணி பார்க்கிறோம், சீட் பார்க்கிறோம், அதையும் ஒரு தடவை பார்த்துக்கலாம்.

தமிழ்நாட்டுல என்ன சர்டிபிகேட்டுன்னும் பார்ப்பது நல்லது. அங்க 'யூ/ஏ'வை இப்போ 7, 13, 16ன்னு வயசு வாரியா பிரிச்சிருக்காங்க. 2025 ஆகஸ்ட் 14ல வந்த 'கூலி'க்கு 'ஏ' கொடுத்தாங்க, 18 வயசுக்குக் கீழே அனுமதி இல்ல. தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் மாத்தல. ரஜினி படம்னா கண்ணை மூடிக்கிட்டு மூணு தலைமுறையும் காடியில ஏறலாம்னு நம்ம வீடுகள்ல ஒரு கணக்கு இருந்துச்சே, அது இனிமே செல்லாது. நடிகரைப் பார்த்துப் படத்தைத் தீர்மானிக்க முடியாது.

ஆனா வகை மட்டும் பார்த்தா போதுமா? 2016 ஜூலை 22ல 'கபாலி' வந்தது நினைவிருக்கும். நம்ம தோட்டத்துக் கதை, நம்ம ஊர்ல எடுத்த படம், ஊரே திரண்டு போச்சு. இங்க ஓடின பதிப்புல கடைசியில ஒரு வரி எழுத்து வந்துச்சு: கபாலி போலீஸில் சரணடைந்தார்னு. தமிழ்நாட்டுல ஓடினதுல அது இல்ல. தப்பு செஞ்சவன் தண்டனை இல்லாம தப்பிக்கிற மாதிரி படம் முடியக்கூடாதுங்கிற எண்ணம் புரியுது. ஆனா ரெண்டரை மணி நேரம் பிள்ளை பார்த்த கோட்டையும் நடையையும் துப்பாக்கியையும் அந்த ஒரு வரி அழிச்சிடுமா? அந்தப் படத்துலயே கும்பல்ல இருந்து மீண்ட பிள்ளைங்களுக்கு அவர் ஒரு பள்ளி நடத்துவார். அந்த வருஷம் எங்க கோயில் வாசல்ல கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு "மகிழ்ச்சி" சொன்ன பொடியன்கள் நிறைய. பள்ளிக்கூடம் விளையாடினவன் ஒருத்தனும் இல்ல.

போன வருஷம் கந்த சஷ்டி சமயத்துல சமய வகுப்புல ஒரு பையன் கேட்டான், பத்து வயசு இருக்கும். "டீச்சர், சூரனை முருகன் வெட்டுறாரு, நரசிம்மர் வயித்தையே கிழிக்கிறாரு. அது ஓகே, படத்துல வெட்டினா மட்டும் பார்க்கக்கூடாதா?"

நல்ல கேள்வி. எங்க தொண்டர் அக்கா கோவிச்சுக்கல. நேத்து நீ பார்த்த படத்துல ஹீரோ அடிச்சு மாடியில இருந்து கீழ விழுந்தானே ஒருத்தன், அவன் பேரு என்னன்னு திருப்பிக் கேட்டாங்க. யாருக்கும் தெரியல. "சூரனுக்குப் பேர் தெரியும், அம்மா பேர் தெரியும், தம்பிங்க பேர் தெரியும், ஏன் சண்டை வந்துச்சுன்னும் தெரியும். கடைசியில அவனைத் தூக்கியா போட்டாரு முருகன்? மயிலாவும் சேவலாவும் பக்கத்துலயே வெச்சுக்கிட்டாரு. உன் படத்துல விழுந்தவனை யாராவது திரும்பிப் பார்த்தாங்களா?" பையன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "இல்ல, பாட்டு வந்துருச்சு"ன்னான்.

இரத்தம் எத்தனை லிட்டர்ங்கிறது எங்க கவலை இல்ல. விழுந்தவனுக்கு ஒரு வீடு உண்டுன்னு படம் சொல்லலன்னா, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அப்பாவோ அம்மாவோ சொல்லணும். அந்த இடம் காலியா இருக்கிறதுதான் பயமா இருக்கு.

இவ்வளவு தூரம் ஏன் பேசுறோம்னா, நம்ம சமூகத்துல இது விளையாட்டு இல்ல. 2013 ஆகஸ்ட்ல உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களோட பட்டியலை வெளியிட்டுச்சு. 04, 08, 36ன்னு நம்ம வீட்டுப் பையன்கள் வாயில அடிபடுற எண்கள் எல்லாம் அதுல இருந்துச்சு. தைப்பூசத்துக்கு எண் போட்ட சட்டையோட வராதீங்கன்னு இன்னும் அறிவிப்பு செய்ய வேண்டியிருக்கு. இந்த வருஷம் எங்க அன்னதான வரிசையில, படிவம் ஒண்ணு படிக்கிற பையன் மணிக்கட்டுல மார்க்கர் பேனாவால ரெண்டு எண் எழுதியிருந்தான். கேட்டா "சும்மாண்ணே, ஸ்டைலுக்கு". அப்பா அம்மா ரெண்டு பேரும் தங்கமான மனுஷங்க, ஷிப்ட் வேலை. குழாயடியில கழுவிட்டு வந்து சாப்பிடுன்னோம். கழுவினான். முழுசா போகல. அதுக்கப்புறம் மூணு வாரமா வகுப்புக்கு வரல, வீட்டுக்குப் போய்ப் பேசிட்டுத்தான் வந்திருக்கோம்.

படம்தான் அவனைக் கெடுத்துச்சுன்னு சொல்ல மாட்டோம். அது சோம்பேறித்தனமான பதில். தோட்டம் போனப்போ கூடவே திடல் போச்சு, பந்து விளையாட்டு போச்சு, தப்பு பண்ணினா காதைத் திருகுற பத்துப் பெரியவங்களும் போனாங்க. இந்தக் கதையை நேர்மையா சொன்ன படம் நம்மகிட்டயே இருக்கு: சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பர்ல வந்த 'ஜகாட்'. தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், அப்போய்ங்கிற கெட்டிக்காரப் பையன், அடிச்சு அடிச்சு வளர்க்கிற அப்பா, கும்பல்ல இருக்கிற சித்தப்பா. மறு வருஷம் மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த படமா தேர்வாச்சு. பொடிசுகளுக்கு வேண்டாம். படிவம் நாலு, அஞ்சு படிக்கிற மகன் இருந்தா, அப்பாக்கள் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. பார்த்து முடிச்சதும் உடனே உபதேசம் ஆரம்பிக்காதீங்க, அவன் முதல்ல பேசட்டும்.

போன் விஷயம் சுருக்கமா. தணிக்கை வாரியத்தோட கத்தரிக்கோல் தியேட்டருக்கு வர்ற படத்துக்கு உண்டு, போன்ல ஓடுற நெட்ஃபிளிக்ஸுக்கு இல்ல. அதுல பிள்ளைகளுக்குத் தனி புரொஃபைல் வெச்சு வயசு வரம்பு போடலாம், உங்க புரொஃபைலுக்கு பின் நம்பர் போடலாம். தெரியலன்னா ஞாயிறு வகுப்புக்கு வர்றப்போ போனைக் கொடுங்க, எங்க இளைஞர்கள் அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தருவாங்க. பின் நம்பரை மட்டும் பிள்ளையோட பிறந்த நாளா வெச்சுடாதீங்க.

"அப்போ எதைத்தான் பார்க்கிறது?" சின்னதுங்களோட உட்கார 'காக்கா முட்டை'. பீட்சா சாப்பிட ஆசைப்படுற ரெண்டு குப்பத்துப் பையன்களோட கதை. அதே மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி', தாத்தா பாட்டி இருக்கிற வீட்டுக்கு அவசியம். மெதுவாத்தான் போகும், பிள்ளைங்க முதல் அரை மணி நேரம் நெளிவாங்க, விடுங்க. 2025ல வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' சிரிச்சுக்கிட்டே பார்க்கலாம். நம்ம பாட்டிங்க கதை தெரியணும்னா தீபக் குமாரன் மேனனோட 'செம்மண் சாலை'. அறுபதுகள்ல பால்மரத் தோட்டத்துல வளர்ற ஒரு பொண்ணு மேல படிக்க ஆசைப்படுறா, அவ்வளவுதான் கதை. சண்டைக் காட்சி கிடையாது, முன்கூட்டியே சொல்லிட்டோம்.

கடைசியா ஒரு தகவல். தீபாவளி முடிஞ்சு வர்ற இரண்டாவது சனிக்கிழமை ராத்திரி, அன்னதானத்துக்கு அப்புறம் நம்ம மண்டபத்துலயே திரை கட்டி ஒரு குடும்பப் படம் போடறோம். உரிமம் வெச்சிருக்கிறவங்ககிட்ட அனுமதி கேட்டிருக்கோம், கிடைச்சதும் படத்தோட பேரை அறிவிப்போம். நாற்காலி கிடையாது, பாய் கொண்டு வாங்க. கச்சாங் பூத்தே எங்க பொறுப்பு. நடுவுல பிள்ளைங்க சந்தேகம் கேட்டா யாரும் "உஷ்"ன்னு அடக்கக்கூடாது, பாட்டிங்க பதில் சொல்லலாம். திரை கட்ட ஏணி பிடிக்க ரெண்டு ஆள் வேணும், அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு வந்துடுங்க. மணிக்கட்டுல எண் எழுதின தம்பியையும் கூப்பிட்டிருக்கோம், வர்றேன்னு சொல்லியிருக்கான்.