கொழுந்துக்கு மணம், கண்ணுக்கு எரிவு

ஆடி, ஆவணி மாதங்களில் பசறைப் பக்கம் போயிருக்கிறீர்களா? பதுளையிலிருந்து செங்கலடி வீதியில் போனால், நமுனுகுல மலையை அண்டித் தேயிலையும் லயன்களுமாக விரியும் ஊர் அது.

நுவரெலியாப் பக்கம் மழை கொட்டும் அதே நாட்களில் இங்கே கச்சான் காற்று வீசும். மேற்கு மலைகளில் ஈரத்தைக் கொட்டிவிட்டு இறங்கும் காற்று, சூடேறி வறண்டுவிடுகிறது. அந்த வறட்சியில்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற வாசம் ஏறுகிறது. ஆனால், கொழுந்து பறிக்கும் பெண்ணின் கண்ணையும் அதே காற்று உலர்த்துகிறது.

கண்ணைக் காப்பது மெல்லிய கண்ணீர்ப் படலம். அது காய்ந்தால் மண் விழுந்ததுபோல் உறுத்தும், சிவக்கும். சிலருக்கு நீரும் வடியும். அதுவும் வறட்சியின் அடையாளமே. பகலில் காற்று என்றால், மாலையில் அடுப்பு. புகைபோக்கி இல்லாத லயன் காம்பராவில் விறகுப் புகை எரிச்சலைக் கூட்டிவிடும்.

என்ன செய்யலாம்? விறகை நன்றாகக் காயவைத்து எரியுங்கள். சமைக்கும்போது கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியை, மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வையுங்கள். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ கண்ணில் விட வேண்டாம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து இருக்கிறது, வைத்தியரிடம் கேளுங்கள்.

வலி, பார்வை மங்கல், வெளிச்சக் கூச்சம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'ஒருநாள் சம்பளம் போய்விடுமே' என்று தள்ளிப்போடாதீர்கள். சம்பளத்தை நாளை உழைத்துக்கொள்ளலாம். கண்ணை அப்படி மீட்க முடியாது.